பேச உட்கார்ந்தால் நின்றுபோகும் நெட்

ஆழ்வார்குறிச்சியில் எங்கள் தெருவுக்கும் கண்ணாடி இழை, அதான் ஃபைபர் நெட், வந்துவிட்டது. போன மாதம் நாலைந்து இளவட்டங்கள் ஏணியோடு வந்து, கம்பத்திலிருந்து பழைய டெலிபோன் கம்பியை அறுத்துச் சுருட்டினார்கள். அதில் ஒருத்தன் கம்பியின் தோலை உரித்து, உள்ளே இருந்த செம்பு ஜோடியை விரலில் வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, இதுலயா நெட் வந்துச்சு? இதுல ஒரு துண்டு காயப்போட முடியாது போலயே" என்று சிரித்தான்.

"சிரிக்காதலே. இதுல என்னவெல்லாம் வந்துச்சுன்னு சொன்னா, ஏணிய விட்டு எறங்கி வந்து கும்பிடுவ" என்றேன்.

அவன் இறங்கவில்லை. ஆனால் சாயங்காலம் கூட்டமாகக் காபி குடிக்க வந்து உட்கார்ந்துகொண்டு, சொல்லுங்க சொல்லுங்க என்றார்கள். சொன்னேன். கேட்டு முடித்ததும், இதை எழுதி வையுங்கள் என்றார்கள். சரி என்று உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செம்புக் கம்பி போகிறதே என்று மூக்கைச் சிந்துகிற ஆள் நானில்லை. கண்ணாடி இழை எவ்வளவோ மேல். மழைக்கு அசையாது, இடிக்கு அஞ்சாது. அது முன்னாலேயே வந்திருந்தால் என் முழங்கால் இரண்டும் பிழைத்திருக்கும்.

தொலைபேசித் துறையில் லைன்மேனாகச் சேர்ந்து, அதிலேயே ஓய்வு பெற்றவன் நான். கம்பம் ஏறுவது, கேபிளுக்குள் ஜோடி பிரிப்பது, ஈரம் புகுந்த ஜாயின்டைக் காயவைப்பது எல்லாம் அம்பாசமுத்திரத்தில் வசவோடு வசவாகக் கற்றுக்கொண்டது. அதில் விஸ்தாரமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில் எக்ஸ்சேஞ்சில் ஒரு ஜோடியில் சோதனை போனை மாட்டினேன். பம்பாயில் யாரோ ஒரு அம்மா இருமினாள். அவ்வளவுதான். எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. பம்பாய் இருமல் என் காதுக்குள்! அந்த ஆச்சரியம் கடைசி நாள் வரை எனக்குத் தீரவில்லை. கூட வேலை பார்த்தவர்கள், "ஒமக்கு மட்டும் தினமும் திருவிழாவே" என்று கேலி செய்வார்கள்.

பிறகு இணையம் வந்தது. பேச்சு போகிற அதே ஜோடியில், பேச்சோடு கலக்காமல் படமும் போகும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னபோது நான் எழுந்து நின்று, "சார், ஒரே வாய்க்கால்ல ரெண்டு தண்ணி கலக்காம எப்படி சார் போவும்?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. சொல்லிக்கொடுத்தவர் சிரிக்கவில்லை. "போவுது. அதான் அதிசயம். ஆனா வீட்டு வாசல்ல அதைப் பிரிச்சு விடணும். பிரிக்காம விட்டா ஒண்ணை ஒண்ணு அடிச்சிரும்" என்றார். அப்படிப் பிரிப்பதற்கு ஸ்ப்ளிட்டர் என்று ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி உண்டு. அதில் ஒரு வழி போனுக்கு, ஒரு வழி மோடத்துக்கு.

என் மேலதிகாரியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ரோஸ்லின் மேடம். திருச்செந்தூருக்குத் தெற்கே கடற்கரை ஊர், அப்பா படகு எஞ்சின் மெக்கானிக். வயதில் என்னைவிடச் சின்னவர் என்பதால் என்னை அண்ணாச்சி என்பார். வேலை வாங்கும்போது அண்ணாச்சியாவது தம்பியாவது. குரலை உயர்த்தவே மாட்டார். பழுது என்று போய் நின்றால் ஒரே கேள்விதான்.

"லைன் செத்துப் போச்சு மேடம்."

"அதுக்கு முந்தி?"

"முந்தி நல்லாத்தான் இருந்துச்சு."

"நல்லா இருந்ததுக்கும் செத்ததுக்கும் நடுவுல?"

"மழை பெஞ்சுச்சு."

"மழைக்கு முந்தி?"

"தண்ணிக் குழாய்க்குன்னு ரோட்டைத் தோண்டினாவ."

"அப்பம் அங்கன போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தால் கேபிளில் கடப்பாரைக் காயம் இருக்கும். எரிச்சலாக வரும் எனக்கு. ஒரு நாள் கேட்டேவிட்டேன், இதை எங்கே மேடம் படிச்சீங்க என்று. "நடுக்கடல்ல எஞ்சின் நின்னா எங்கப்பா எஞ்சினைத் தொடமாட்டாங்க அண்ணாச்சி. கடைசியா யாரு என்ன செஞ்சீங்கன்னுதான் மொதல்ல கேப்பாங்க" என்றார். எங்களுக்குள் அவருக்கு 'அதுக்கு முந்தி மேடம்' என்று பெயர். அது அவருக்கும் தெரியும்.

இனி கதைக்கு வருகிறேன். கொரோனா ஊரடங்கு காலம். எனக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. விக்கிரமசிங்கபுரத்தில் ராமையா அண்ணாச்சி வீட்டிலிருந்து ஒரு புகார். கம்ப்யூட்டரில் நெட் நின்று நின்று போகிறதாம்.

அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராமையா அண்ணாச்சி நூற்பாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். இயந்திர இரைச்சலும் வயசும் சேர்ந்து காது அடைத்துவிட்டது. நாம் பேசுவது கேட்காது, ஆனால் உதட்டைப் பார்த்தே அத்தனையும் சொல்லிவிடுவார். அவர் வீட்டம்மா சண்முகத்தாய்க்குப் பிறவியிலேயே காதும் இல்லை, பேச்சும் இல்லை. அண்ணாச்சி அதைச் சொல்லும்போது பெருமைதான் படுவார். "மில்லுக்குள்ள வாயால பேசினா எவனுக்குக் கேக்கும்? எல்லாம் கையும் உதடும்தான். பொண்ணு பாக்கப் போன அன்னைக்கே நான் இவகூட பேசிட்டம்லா! மத்த எவனாலயும் முடியல" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வார். தன் குரல் எவ்வளவு சத்தம் என்று அவருக்குத் தெரியாதல்லவா.

ஒரே மகள் இசக்கி. அம்மாவைப் போலவே அவளுக்கும் காது கேட்காது, பேச்சும் வராது. சென்னையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குக் காது கேட்கும், தங்கமான பையன். ஆனால் சைகையால் பேசுகிற கைப்பேச்சு அவனுக்கு இன்னும் 'சாப்பிட்டியா, தூங்கு' என்கிற அளவோடு நின்றது. இசக்கி நிறைமாதம். குழந்தை குறுக்கே கிடந்ததால் ஆபரேஷன்தான் என்று நாள் குறித்துவிட்டார்கள். அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு. முழு மயக்கம் கொடுத்தால் ஆபத்து, முதுகில் ஊசி போட்டு அவள் விழித்திருக்கும்போதே செய்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. ஆனால் அதற்கு அவள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கால் மரத்துவிட்டதா, எங்கே வலிக்கிறது, மூச்சு எப்படி இருக்கிறது என்று நிமிஷத்துக்கு நிமிஷம் கேட்பார்கள். அங்கே அத்தனை பேரும் முகக்கவசம் போட்டிருப்பார்கள், அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் வழியில்லை. மாப்பிள்ளைக்கு உள்ளே அனுமதி கிடையாது. பெற்றவர்கள் சென்னை போக இ-பாஸ் கேட்டுக் கேட்டு, கிடைக்கவில்லை. கடைசியில் டாக்டரம்மாவே ஒரு வழி சொன்னார். நர்ஸ் கையில் போனைக் கொடுத்து வீடியோவில் அம்மா அப்பாவைக் காட்டுகிறோம், அவர்கள் கேட்டுச் சொல்லட்டும். நடுவில் படம் நின்றால் நான் காத்திருக்க மாட்டேன், முழு மயக்கம்தான் என்றும் சொல்லிவிட்டார்.

"எம் மவ உசுரு ஒங்க கம்பியில இருக்கு தம்பி" என்றார் அண்ணாச்சி. இத்தனை வருஷ வேலையில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

மொபைலில் செய்யலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அது மலையடிவாரம், சிக்னல் வரும், போகும். குரல் விட்டுவிட்டு வந்தாலும் அர்த்தத்தைப் பிடித்துக்கொள்ளலாம். கைப்பேச்சில் படம் நின்றால் பாதி வார்த்தை அந்தரத்தில் நின்றுவிடும். அதுவரை காதால் பழுது தேடியே பழகியவன் நான். சத்தமே இல்லாத பேச்சு ஒன்று என் கம்பியில் போய்க்கொண்டிருக்கிறது என்பதே எனக்குப் புதுசாகவும் பிரமிப்பாகவும் இருந்தது.

வேலையை ஆரம்பித்தேன். எக்ஸ்சேஞ்சில் ஜோடியை அளந்தேன், சுத்தம். ரோட்டோரப் பில்லர் பெட்டியைத் திறந்து முனைகளைச் சுரண்டி வேறு ஜோடிக்கு மாற்றினேன். தெருமுனைக் கம்பத்துப் பெட்டியில் கரையான் மண்ணைத் தட்டிப் புதுசாக முடிச்சுப் போட்டேன். கம்பத்திலிருந்து வீட்டுச் சுவர் வரைக்கும் கம்பியையே புதுசாக இழுத்தேன். மோடத்தையும் ஸ்ப்ளிட்டரையும் மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து பார்ப்பேன், நெட் கல்லு மாதிரி நிற்கும். பக்கத்து வீட்டு டீச்சரம்மா இந்த வீட்டு வைஃபையை வாங்கித்தான் காலை முழுக்க ஆன்லைனில் பாடம் நடத்தினார். "எனக்கு ஒரு கொறையும் இல்ல அண்ணாச்சி, ஜோரா வருது" என்றார். ஆனால் சாயங்காலம் மகளோடு பேச உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் படம் நின்றுவிடும். திரும்ப வரும், திரும்ப நிற்கும். சண்முகத்தாய் என்னைப் பார்த்துக் கையை விரித்துக் காட்டுவாள். கேட்கிற வசவைவிட அது என்னைக் குத்தியது. மகள் பேசினால் மட்டும் நிற்கிற நெட்டை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? பேய்தான் பிடித்திருக்கிறது என்று நானே நினைத்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மேடமே வந்தார். மோடத்தைத் தொடவில்லை. அண்ணாச்சிக்கு நேராக உட்கார்ந்து, முகக்கவசத்தைக் கீழே இறக்கி, உதடு தெரிகிற மாதிரி கேட்டார்: "படம் நிக்கதுக்கு முந்தி என்ன நடந்துச்சு?"

"லேசாத் தடுமாறும். எல்லாருக்கும் தடுமாறுத மாதிரிதான்."

"தடுமாறினதும்?"

"மாப்பிள்ளை கூப்பிடுவாரு, படம் சரியில்லன்னு."

"எப்படிக் கூப்பிடுவாரு?"

அண்ணாச்சி முகத்தில் சிரிப்பு வந்தது. எழுந்து போய் சாமி படங்களுக்கு மேலே இருந்த சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பைக் காட்டினார். "மிஸ்டு கால் குடுப்பாரு. லேண்ட்லைனு அடிச்சா இது மின்னும். நானே செஞ்சது! சாமி கும்பிடுத எடத்துலதான எப்பவும் கண்ணு போவும்? அதான் அங்கன வச்சேன். பேசணும்னா ஒரு மிஸ்டு காலு, படம் நின்னா இன்னொரு மிஸ்டு காலு."

அந்த பல்பை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன்! எந்த வீட்டில்தான் சாமி படத்துக்கு மேலே சிவப்பு பல்பு இல்லை? அதைப் போய் லைன்மேன் நோண்டுவானா? கன்னத்தில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பான். அது போதாதென்று, இங்கே மணி அடித்தால் யாருக்குக் கேட்கப்போகிறது என்று நான் ஒரு தடவைகூட மணி அடித்தும் சோதிக்கவில்லை.

"மாப்பிள்ளையை இப்பம் ஒரு மிஸ்டு கால் குடுக்கச் சொல்லுங்க" என்றார் மேடம். அண்ணாச்சி மெசேஜ் அனுப்பினார். நாங்கள் எல்லாரும் மோடத்தின் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சாமி படத்துக்கு மேலே பல்பு மின்னியது. மோடத்தில் பச்சை அணைந்தது.

"அடப் பாவி மட்டை!" என்று கத்தியேவிட்டேன்.

விஷயம் இதுதான். அண்ணாச்சி தன் பல்புக்கு வேண்டிய கம்பியை, லைன் வீட்டுக்குள் நுழைகிற இடத்திலேயே, சுவர்க் குழாய்க்குள் ஒட்டுப் போட்டு எடுத்திருந்தார். ஸ்ப்ளிட்டருக்கு முன்னால். மணி அடிக்கும்போது அந்த மின்சாரம் தடுப்பில்லாமல் இணையத்தை ஓங்கி அடிக்கும். பேசக் கூப்பிடும் முதல் மிஸ்டு காலில் நெட் விழும், ஆனால் கம்ப்யூட்டரைப் போட்டு முடிப்பதற்குள் எழுந்துவிடும், யாருக்கும் தெரியாது. பேச்சு நடுவில் படம் லேசாகத் தடுமாறும், அது தானாகச் சரியாகியிருக்கும். அதற்குள் பாவம் மாப்பிள்ளை, படம் நிற்கிறதே என்று சொல்ல மிஸ்டு கால் கொடுப்பான். அதில் நெட் முழுசாக விழும். எழுந்து வருகிற நேரம் பார்த்து மறுபடியும் கொடுப்பான். நெட் நின்றுவிட்டது என்று சொல்லப் போகிற மணிதான் நெட்டை நிறுத்திக்கொண்டிருந்தது.

நான் ஸ்க்ரூ டிரைவரோடு ஏணியில் ஏறியதும் அண்ணாச்சி என் காலைப் பிடித்துக்கொண்டார். "கழட்டிராதீரும்வே! அதான் எங்க காது!" மேடம் அவர் தோளைத் தொட்டுத் திருப்பி, உதட்டைக் காட்டிப் பைய சொன்னார்: "கழட்டல அண்ணாச்சி. எடம் மாத்துதோம். ஒங்க காது ஒங்களுக்கே இருக்கும்." பல்பின் இரண்டு கம்பிகளையும் ஸ்ப்ளிட்டரில் போன் பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். கால் மணி நேர வேலை. மறுபடியும் மாப்பிள்ளை அடித்தான், பல்பு மின்னியது, பச்சை அசையவில்லை. சண்முகத்தாய் சாமி படத்தைக் கும்பிட்டாள். பிறகு மோடத்தையும் கும்பிட்டாள்.

அத்தோடு என் வேலை முடிந்தது. ஆனால் மறுநாள் காலையில் நானாகவே அங்கே போனேன். மனசு கேட்கவில்லை, விளக்கைப் பார்த்துக்கொண்டு ஒரு மூலையில் நிற்கலாம் என்று. போனால் பக்கத்து வீட்டு வாசலை அடைத்துத் தகரம் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். டீச்சரம்மாவுக்குத் தொற்று. நர்ஸ் சொல்வதைக் காதால் கேட்டு அண்ணாச்சிக்குச் சொல்ல அவரைத்தான் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். அண்ணாச்சி வாசலில் இடிந்து போய் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். கிட்டே வந்து என் காதைத் தொட்டார்.

வேறு என்ன செய்ய? முகக்கவசத்தைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

படம் வந்தது. பச்சைத் துணிகளுக்கு நடுவில் இசக்கியின் முகம். ஒரு கையில் சலைன் ஏற்றிப் பலகையோடு கட்டி வைத்திருந்தார்கள். ஒரு கைதான் அவளுக்கு மிச்சம். நர்ஸ் கேட்பார், "கால் மரத்துப்போச்சான்னு கேளுங்க." நான் அண்ணாச்சியைப் பார்த்து வாயைப் பெரிதாகத் திறந்து அதைச் சொல்வேன். அவர் கேமராவைப் பார்த்துக் கையால் சொல்வார். இசக்கி ஒற்றைக் கையால் பதில் சொல்வாள். ஒற்றைக் கைப் பேச்சு அண்ணாச்சிக்குப் பிடிபடவில்லை. சண்முகத்தாய்க்கு மட்டும் அத்தனையும் புரிந்தது. பெற்றவளாயிற்றே! அவள் அண்ணாச்சிக்குக் காட்ட, அவர் சென்னைக்கே கேட்கிற குரலில் கத்துவார்: "மரத்துட்டாம்! வயித்துக்குக் கீழ ஒண்ணும் தெரியலயாம்!" மூன்று பேர் சேர்ந்து ஒரு ஆளாகப் பேசினோம். நான் ஒன்றும் செய்யவில்லை, காதை மட்டும் கொடுத்தேன்.

ஆபரேஷன் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் இசக்கியின் கை திடீரென்று வேகம் எடுத்தது. விரல்கள் நெஞ்சைத் தொட்டுத் தொட்டு விலகின. சண்முகத்தாய் எழுந்து நின்றுவிட்டாள். அதே நேரம் சாமி படத்துக்கு மேலே சிவப்பு பல்பு மின்னியது. வெளியே வராந்தாவில் நின்ற மாப்பிள்ளை, நர்சுகள் ஓடுவதைப் பார்த்துப் பயந்து, பழக்க தோஷத்தில் மிஸ்டு கால் கொடுத்திருக்கிறான்! மோடத்தைப் பார்த்தேன். பல்பு மின்னுகிறது, அணைகிறது, மின்னுகிறது. பச்சை விளக்கு அசையவில்லை. திரையில் இசக்கியின் விரல்கள் ஒரு இடத்தில்கூட நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன. எங்கோ சென்னையில் படுத்திருக்கிற பிள்ளையின் விரல், முடி கனத்துக் கம்பி இரண்டில் ஏறி, பொதிகை மலை அடிவாரத்தில் அவள் அம்மா கண்ணுக்குப் பிசகாமல் வந்து சேர்கிறது. பம்பாய் இருமலுக்கே மயிர்க்கூச்செறிந்தவன் நான், இதை என்னவென்று சொல்ல?

"மூச்சு முட்டுதாம்! நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி இருக்காம்!" அண்ணாச்சி கத்தினார்.

அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல், "தலைப் பக்கம் தூக்குங்க, ஆக்சிஜன்" என்றது. நான் அதைச் சொன்னேன், அண்ணாச்சி மகளுக்குச் சொன்னார்: தூக்குதாங்க, காத்து வருது, பயப்படாத. அவள் முகத்தில் மாஸ்க் வைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கை அடங்கியது. பிறகு கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து ஒரு சைகை காட்டினாள். சண்முகத்தாய் மூச்சு விட்டு உட்கார்ந்தாள். அண்ணாச்சி மொழிபெயர்க்கவில்லை, அது எனக்கே புரிந்தது.

அதன்பிறகு நர்ஸ் போனைத் திருப்பினார். திரை கலங்கியது, விளக்கு வெளிச்சம் பாய்ந்தது, ஒரு நிமிஷம் ஒன்றும் தெரியவில்லை. அப்போது ஸ்பீக்கரில் ஒரு சத்தம் வந்தது. வீறிட்டு, கோபமாக, இந்த உலகத்தில் எல்லார் மேலும் வழக்குப் போடப் போகிற மாதிரி ஒரு அழுகை. அதற்கு நடுவில் "பெண் குழந்தை" என்றார் நர்ஸ். அந்த வீட்டில் இரண்டும் எனக்கு மட்டும்தான் கேட்டது. அவர்கள் இரண்டு பேரும் வெறும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருந்தார்கள்.

"அழுதுட்டு! பிள்ள அழுதுட்டு அண்ணாச்சி! பொம்பளப் பிள்ள!"

அண்ணாச்சி அதை உதட்டில் படித்தார். சண்முகத்தாய்க்குச் சொன்னார். அவள் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, வேகவேகமாகக் கையால் என்னவோ கேட்டாள். என் காதைக் காட்டினாள், என் வாயைக் காட்டினாள், விடாமல் கேட்டாள்.

அண்ணாச்சிக்குக் குரல் இறங்கிப் போயிருந்தது. "எப்படி அழுதுன்னு கேக்கா தம்பி. எங்க ரெண்டு பேருக்கும் கேக்காதுல்லா. ஒமக்குத்தான் தெரியும், காட்டுமேன்."

ஓய்வு பெறப் போகிற கிழவன் நான், துறைச் சட்டை வேறு போட்டிருக்கிறேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இரண்டு கையையும் முறுக்கி, வாயைக் கோணி, அந்தப் பிள்ளை மாதிரியே அழுது காட்டினேன். சண்முகத்தாய் என் முகத்துக்குக் கிட்டே வந்து, இமை கொட்டாமல் பார்த்தாள். நடிப்பாகத்தான் தொடங்கினேன்.